மைல் குறையவில்லை, மணி குறைந்தது!

கராச்சியில் இருந்து சென்னைக்குத் தபால் விமானம் விட்ட ஜே.ஆர்.டி. டாட்டாவின் வாழ்க்கை

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது நூம்பல். அங்கே மாலை நேரத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால், மீனம்பாக்கத்துக்கு வந்து போகும் விமானங்கள் கண்ணில் படும். குழந்தைகள் கையை ஆட்டுவார்கள். பெரியவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன காட்சி!

அந்த விமானங்களில் ஒன்று மும்பையில் இருந்து வருவதாக இருக்கலாம். மும்பைக்கும் சென்னைக்கும் ஆகாய வழியில் சுமார் 640 மைல். கிலோ மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 1,030. இதைக் கடக்க இன்று ஏறத்தாழ 2 மணி நேரம் போதும்.

1932-ம் ஆண்டிலும் தூரம் இதே தூரம்தான். ஆனால் அன்று முதல் தபால் விமானம் பம்பாயை விட்டு ஒரு நாள் பிற்பகலில் கிளம்பி, மறுநாள்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அதையே மக்கள் அதிசயமாகப் பேசினார்கள். (மும்பைக்கு அப்போது பம்பாய் என்று பெயர்.)

தூரத்தைச் சுருக்க யாராலும் முடியாது. மலையும் ஆறும் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆனால் நேரத்தைச் சுருக்கலாம். அந்த வேலைக்காகவே வாழ்நாளில் பெரும் பகுதியைக் கொடுத்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்குப் பார்த்த அவர், ஒரே ஒரு முறை, போட்டிக்கு வந்தவனுக்கு உதவி செய்து பந்தயத்தைத் தோற்றார்.

அவர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

கடற்கரையில் இறங்கிய விமானம்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது அவருடைய முழுப் பெயர். 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி, டாட்டா தொழில் குடும்பத்தைச் சேர்ந்த பார்சி. தாயார் சுசான், பிரெஞ்சுப் பெண்மணி. திருமணத்துக்குப் பிறகு சூனி என்று பெயர் வைத்துக்கொண்டார்.

விடுமுறை வந்தால் இந்தக் குடும்பம் பிரான்சின் வட கடற்கரையில் உள்ள ஆர்தலோ என்ற ஊருக்குப் போகும். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ! 1909-ம் ஆண்டில் விமானத்தில் ஏறி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள கடலை முதன் முதலில் தாண்டியவர். அதற்கு அவருக்குப் பிடித்த நேரம் சுமார் 37 நிமிஷம்.

பிளேரியோவின் விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கும். சிறுவன் ஜஹாங்கீர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். 15 வயதில், அதே ஊரில், காசு கொடுத்து ஏறும் உல்லாச விமானத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தான். தானும் விமானி ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்று மனதில் விழுந்தது.

ஆனால் ஆசைப்பட்டது எல்லாம் உடனே கிடைத்துவிடுகிறதா?

19 வயதுக்குள் தாயாரை இழந்தார். கேம்பிரிட்ஜ் சென்று என்ஜினீயர் படிப்புப் படிக்க விரும்பினார். தந்தையோ இந்தியாவுக்கு வந்து தொழிலைக் கற்றுக்கொள்ளும்படி கூறிவிட்டார். 1925-ம் ஆண்டு டாட்டா கம்பெனியில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு வருஷமே தந்தையும் காலமானார். தம்பி தங்கைகளுடன் குடும்பப் பொறுப்பு 22 வயது வாலிபரின் தலையில் விழுந்தது.

கல்லூரிப் படிப்பு இல்லையே என்ற குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது. அந்தக் குறையைப் புத்தகம் படித்துத் தீர்த்துக்கொண்டார்.

முதல் எண் உரிமம்

பம்பாயில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சங்கம் தொடங்கியதும் முதல் ஆளாக ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு விமானி உரிமம் கிடைத்தது. அதன் எண் 1. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அதுதான்.

அப்போது அவருக்கு வயது 24.

பந்தயமும் ஸ்பார்க் பிளக்கும்

அந்தச் சமயத்தில் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. எந்தத் திசையில் இருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம்.

மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். ஒருவர் மன்மோகன் சிங். இன்னொருவர் ஆஸ்பி என்ஜினீயர். 17 வயதுப் பையன்! மூன்றாமவர் டாட்டா.

ஆஸ்பி இங்கிலாந்தில் இருந்து இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். டாட்டா 1930-ம் ஆண்டு மே 3-ந் தேதி கராச்சியில் இருந்து கிளம்பி, மேற்கு நோக்கிப் பறந்தார். வழியில் எகிப்து நாட்டின் அபூகீர் விமானத் தளத்தில் இறங்கினார்.

அங்கே மற்றொரு சிறு விமானம் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கவலையுடன் ஆஸ்பி!

விசாரித்தார். ஆஸ்பியின் விமானத்தில் ஸ்பார்க் பிளக் கெட்டுப்போயிருந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது தீப்பொறி விடாவிட்டால் என்ஜின் நகராது. ஆஸ்பியிடம் மாற்றுப் பிளக் இல்லை.  அது வந்து சேரும் வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

டாட்டாவிடம் உபரிப் பிளக் இருந்தது.

கொடுத்தால் போட்டியாளன் கிளம்பிவிடுவான். கொடுக்காவிட்டால் பரிசும் புகழும் தன் கைக்கு வரும். கொடுக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. கேட்க அங்கே யாரும் இல்லை.

டாட்டா பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆஸ்பி கிழக்கே பறந்தார். டாட்டா மேற்கே பறந்தார். ஆஸ்பி முந்திக்கொண்டு கராச்சியில் இறங்கினார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு டாட்டாவின் கையை விட்டுப் போயிற்று.

அதன் பலன் என்ன ஆயிற்று? பந்தயத்தில் ஜெயித்த அந்தப் பையன் விமானப் படையில் சேர்ந்தான். படிப்படியாக உயர்ந்தான். 1960-ம் ஆண்டு இந்திய விமானப் படைக்கே தலைவர் ஆனார் ஆஸ்பி என்ஜினீயர்! நாட்டுக்கு ஒரு தளபதி கிடைக்க, அந்தச் சிறு பிளக்கும் ஒரு காரணமாக இருந்தது.

கடிதம் வரும் வழி

அந்தக் காலத்தில் சீமையில் படிக்கும் மகனிடம் இருந்து கடிதம் வர வேண்டும் என்றால், தாய் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள். கப்பலில் வரும் தபால் இந்தியக் கரையைத் தொடவே சுமார் இரண்டு வாரம் பிடிக்கும்.

1929-ம் ஆண்டு இம்பீரியல் ஏர்வேஸ் என்ற ஆங்கிலக் கம்பெனி, லண்டனில் இருந்து கராச்சிக்கு விமானத் தபால் தொடங்கியது. சுமார் 5,000 மைலை ஏழு நாளில் கடந்தது. ஆனால் கராச்சியோடு சரி. அதற்குப் பிறகு கடிதம் ரெயில் ஏறி, நாள் கணக்கில் ஊர்ந்து சென்னைக்கு வர வேண்டும். பறந்து வந்த கடிதம் பாதி வழியில் நடக்க ஆரம்பித்த கதைதான்!

இதைக் கவனித்தவர் நெவில் வின்சென்ட். ஆங்கில விமானப் படையில் இருந்தவர். இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று மக்களை விமானத்தில் ஏற்றிக் காட்டியவர். கராச்சியில் இருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை தபால் விமானம் விடலாம் என்ற யோசனையோடு அவர் டாட்டாவிடம் வந்தார்.

டாட்டா உடனே பிடித்துக்கொண்டார். குடும்பத்தின் மூத்தவரான சர் தோராப்ஜி டாட்டா தயங்கினார். கடைசியில் சம்மதம் கிடைத்தது. போட்ட முதல் இரண்டு லட்சம் ரூபாய்.

அரசாங்கத்திடம் உதவித்தொகை கேட்டார்கள். கிடைக்கவில்லை. கொண்டுபோகும் தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். 1932-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒப்பந்தம் ஆயிற்று.

அக்டோபர் 15

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலை. கராச்சி டிரிக் ரோடு விமானத் தளம். பஸ் மாத் என்ற சிறு விமானம் தயாராக நின்றது. ஒரே ஒரு என்ஜின். 25 கிலோ எடையுள்ள தபால் மூட்டை ஏறியது. ஓட்டும் இடத்தில் டாட்டாவே உட்கார்ந்தார். ஒரு பெரிய கம்பெனிக் குடும்பத்தின் வாரிசு, அன்று தபால்காரர் ஆனார்!

விமானத்தில் ரேடியோ கிடையாது. வழி சொல்லக் கீழே யாரும் கிடையாது. வரைபடம், திசை காட்டும் கருவி, விமானியின் இரண்டு கண்கள் ஆகியவைதான் துணை.

ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல், டின்களில், மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது! ஆகாய விமானத்துக்கு மாட்டு வண்டி உதவி செய்தது. பெட்ரோல் ஊற்றிக்கொண்டு மீண்டும் கிளம்பி, பிற்பகலில் பம்பாய் ஜூகு கடற்கரைத் தளத்தில் இறங்கினார்.

அங்கே வின்சென்ட் காத்திருந்தார். சென்னைக்கு உரிய தபாலை ஏற்றிக்கொண்டு தென்கிழக்கே பறந்தார். பல்லாரியில் இறங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார்.

மும்பை, பல்லாரி, மீனம்பாக்கம் மூன்றையும் வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டின் கடைசிப் பகுதி பூந்தமல்லிப் பக்கத்தை ஒட்டித்தான் வரும். நம் ஊர் வானத்துக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

மணிக் கணக்கு

இந்தப் பயணத்துக்கு ஏன் இரண்டு நாள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போடலாம்.

கராச்சியில் இருந்து ஆமதாபாத், பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஏறத்தாழ 1,300 மைல். விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 100 மைல். வகுத்துப் பார்த்தால், ஆகாயத்தில் மட்டுமே 13 மணி நேரம்.

அடுத்து, எண்ணெய். தொட்டி சிறியது. நிரப்பிக்கொள்ள அடிக்கடி இறங்க வேண்டும்.

அடுத்து, இருட்டு. இரவில் தரையில் விளக்கு இல்லை. பொழுது சாய்ந்தால் இறங்கிவிட வேண்டியதுதான்.

கடைசியாக, காற்று. மணிக்கு 30 மைல் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 100 மைல் வேக விமானம் தரைக் கணக்கில் 70 மைல்தான் முன்னேறும். ஆற்றில் எதிர்நீச்சல் போடுவது போல!

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 500 மைலுக்கு மேல் பறக்கிறது. வழியில் இறங்குவது இல்லை. இரவும் பகலும் அதற்கு ஒன்றே. ஆனால் காற்றின் கணக்கு மட்டும் இன்னும் மாறவில்லை. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. அதனால்தான் சென்னையில் இருந்து லண்டனுக்குப் போகும்போது நேரம் கூடுகிறது. திரும்பி வரும்போது குறைகிறது.

கீற்றுக் கொட்டகைக் கம்பெனி

அன்று டாட்டாவின் விமானக் கம்பெனிக்கு இருந்த சொத்து என்ன? இரண்டு சிறு விமானங்கள். ஜூகுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. கை விரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்கள். மழைக் காலம் வந்தால் ஜூகு தளத்தில் வெள்ளம் புகுந்துவிடும். மூட்டை முடிச்சுகளோடு புனாவுக்குப் போய்விடுவார்கள்.

அப்படி இருந்தும் தபால் தவறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மேல் மேகம் கவிந்து, மழை கொட்டும் மாதங்களிலும் குறித்த நேரத்துக்கு வந்தது. விமானப் போக்குவரத்து அதிகாரிகளே அறிக்கையில் பாராட்டினார்கள்.

முதல் வருஷத்தில் பறந்த தூரம் 1,60,000 மைல். ஏற்றிச் சென்ற தபால் ஏறத்தாழ 10 டன். பயணிகள் 155 பேர். லாபம் 60 ஆயிரம் ரூபாய்.

பிறகு திருவனந்தபுரம், டெல்லி, கொழும்பு என்று வழிகள் நீண்டன. 1938-ம் ஆண்டு, 34-வது வயதில், டாட்டா தொழில்கள் அனைத்துக்கும் அவர் தலைவர் ஆனார்.

1942-ம் ஆண்டில் ஒரு பேரிடி விழுந்தது. உலகப் போர் நடந்த சமயம். தொழில் விஷயமாக இங்கிலாந்து சென்ற வின்சென்ட், விமானத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்த விமானம் வந்து சேரவே இல்லை. சென்னைக்கு முதல் தபாலைக் கொண்டுவந்தவர், தான் வீடு திரும்பவில்லை.

ஏழு நாள் ஒன்றரை நாளாயிற்று

1946-ம் ஆண்டு கம்பெனிக்கு ஏர் இந்தியா என்று பெயர் வந்தது. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி இரவு, மலபார் பிரின்சஸ் என்ற பெரிய விமானம் 35 பயணிகளுடன் பம்பாயில் இருந்து கிளம்பியது. கெய்ரோ, ஜெனீவா வழியாக ஜூன் 10-ந் தேதி லண்டனில் இறங்கியது. சுதந்திர இந்தியாவின் விமானம் சீமைக்குப் போயிற்று! பயணிகளில் ஒருவராக டாட்டாவும் அமர்ந்திருந்தார்.

1929-ல் லண்டனில் இருந்து கராச்சிக்கு வர ஏழு நாள். 1948-ல் பம்பாயில் இருந்து லண்டனுக்குப் போக ஒன்றரை நாள்கூட முழுதாக ஆகவில்லை. நடுவில் கழிந்தது 19 வருஷம்தான். இன்று சென்னையில் இருந்தே நேராக லண்டனுக்குப் போக சுமார் 11 மணி நேரம்.

1953-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் விமானக் கம்பெனிகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதைச் செய்த முறை டாட்டாவுக்குப் பிடிக்கவில்லை. தான் பெற்ற பிள்ளையை மற்றவர் வீட்டுக்கு அனுப்பியது போன்ற வேதனை. ஆனாலும் பிரதமர் நேருவின் விருப்பப்படி, சம்பளம் வாங்காமல் ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தார்.

பயணம் செய்யும்போது அவர் சும்மா உட்கார மாட்டார். திரைச்சீலை அழுக்காக இருக்கிறதா, தேநீர் நன்றாக இருக்கிறதா, புறப்பட எத்தனை நிமிஷம் தாமதம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். தூசி படிந்த இடத்தைத் தன் கையாலேயே துடைத்துவிடுவார். 1962-ம் ஆண்டு ஏர் இந்தியா, முழுவதும் ஜெட் விமானங்களையே கொண்ட உலகின் முதல் விமானக் கம்பெனி என்ற பெயர் பெற்றது.

இவ்வளவுக்கும் கிடைத்த பரிசு என்ன? 1978-ம் ஆண்டு அப்போதைய மத்திய அரசு அவரைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. அந்தச் செய்தியைக்கூட முதலில் பிறர் சொல்லித்தான் அறிந்தார். மனம் புண்பட்டது. என்றாலும் ஏர் இந்தியாவுக்குத் தீங்கு நினைக்கவில்லை. 1980-ல் நிர்வாகக் குழுவில் இடம் கொடுத்து மீண்டும் அழைத்தார்கள். பழைய வருத்தத்தைப் பார்க்காமல் போனார்.

78 வயதில் மீண்டும்

1982-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. முதல் தபால் விமானம் பறந்து 50 ஆண்டு நிறைந்த நாள். டாட்டாவுக்கு வயது 78. இந்த வயதில் படி ஏறவே பலர் யோசிப்பார்கள்.

டாட்டாவோ லெபர்டு மாத் என்ற பழங்கால விமானத்தில் ஏறி, கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தார்! ஜெட் விமானங்கள் நிறைந்த காலத்தில், அந்தச் சிறு விமானம் ஆகாயத்தில் மெல்ல ஊர்ந்து வந்தது. முன்னோடிகள் பட்ட பாட்டை இளைஞர்கள் அறிய வேண்டும், மனம் வைத்தால் எதையும் முடிக்கலாம் என்று அவர்கள் நம்ப வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1992-ம் ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, 89-வது வயதில், ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரீசிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து 28 ஆண்டு கழித்து, 2022 ஜனவரி 27-ந் தேதி, ஏர் இந்தியா மீண்டும் டாட்டா நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கராச்சியில் இருந்து சென்னை வரை 1,300 மைல் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதைக் கடக்கும் நேரத்தை அவரும் அவர் தோழர்களும் குறைத்துக் காட்டினார்கள். அதற்காக ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணினார்கள்.

ஆனால் அபூகீர் விமானத் தளத்தில் ஒரு பையன் தவித்து நின்றபோது, டாட்டா நிமிஷத்தை எண்ணவில்லை. விரைந்து போகக் கற்றுக்கொள்வது நல்லது. வழியில் ஒருவர் நின்றுவிட்டால், இறங்கி உதவக் கற்றுக்கொள்வது அதைவிட நல்லது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லவேண்டிய கதை இது.